லாம்பிரைட் வீட்டுப் பாத்திரம்

ரோண்டா ட்ரெஸ்லர் கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. முதியோர் இல்லத்தில் கிழவர்களையும் கிழவிகளையும் தூக்கி உட்கார வைத்தும் குளிப்பாட்டியும் அவளுடைய இடுப்பு போய்விட்டது. நர்ஸ் ஆகிவிட்டால் தூக்கும் வேலை குறையும் என்பது அவள் எல்லோரிடமும் சொன்ன காரணம். சாயங்காலங்களில் அந்த வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்பது சொல்லாத காரணம். அவளுடைய ஒரே மகன் வெஸ்லி இறந்து அப்போது ஒரு வருடம் கழிந்திருந்தது.

நர்ஸிங் படிப்பில் இடம் வேண்டுமென்றால் முதலில் கட்டுரை எழுதும் வகுப்பில் தேற வேண்டும். வெறுமனே தேறினால் போதாது, பி கிரேடாவது வாங்க வேண்டும். ஓஹியோவின் தெற்கு மூலையில், ஆறு வளைந்து போகும் அந்த ஊரில் பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் மூடிவிட்டபின் நர்ஸிங் ஒன்றுதான் எல்லோருக்கும் கண்ணில் பட்ட வழி. இடங்கள் கொஞ்சம். சி வாங்கியவர்களை அடுத்த வருடம் வரச் சொல்லிவிடுவார்கள். இன்னொரு வருடம் தன் இடுப்பு தாங்காது என்று ரோண்டாவுக்குத் தெரியும்.

கட்டுரை வகுப்பை நடத்திய ஏட்ரியன் பெல்லுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. மூன்று ஊர்களில் மூன்று கல்லூரிகளில் பாடம் நடத்திக்கொண்டு, மதியச் சாப்பாட்டைக் காருக்குள்ளேயே முடித்துக்கொள்பவர். ஒரு பருவம் முடிந்தால் அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்பது அவருக்கே தெரியாது. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்தப் பருவம் முழுவதற்கும் அவர் கொடுத்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: நம்முடைய பழக்கவழக்கங்கள். பிறந்ததிலிருந்து யோசிக்காமல் செய்துவரும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தே இராத ஒருவனுக்கு விளக்க வேண்டும்.

“எப்படி இருக்கீங்கன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம போயிட்டே இருக்கோம்ல, அது ஏன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ஒருத்தி, பிள்ளை பிறப்பதற்கு முன்பே பரிசுப் பொருள்களுக்குப் பட்டியல் போட்டு உறவினர்களுக்கு அனுப்புவதைப் பற்றி எழுதுகிறேன் என்றாள். ஒரு பையன், கால்பந்து ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவதைப் பற்றி என்றான். ரோண்டா, சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதைப் பற்றி எழுதுகிறேன் என்றாள்.

அதில் அவளுக்குப் பழக்கம் அதிகம். ஊரில் யார் வீட்டில் துக்கம் நடந்தாலும் அன்று மாலைக்குள் ரோண்டாவின் பாத்திரம் அங்கே போய்விடும். கோழி, நூடுல்ஸ், டின்னில் வரும் காளான் சூப், மேலே பாலாடைக்கட்டி, அதற்கும் மேலே நொறுக்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ். கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கி ஓவனில் சுட்டு, அலுமினியத் தாளால் இறுக மூடி, அடியில் காகித டேப் ஒட்டி அதில் குடும்பப் பெயரை எழுதி எடுத்துப் போவார்கள். வாசலில் நின்று, என்ன வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும். கூப்பிட மாட்டார்கள் என்று இரு பக்கமும் தெரியும். உள்ளே போய் உட்காரக் கூடாது. சில வாரங்கள் கழித்துப் பாத்திரம் கழுவப்பட்டுத் திரும்பி வரும், வெறுமனே வராது. பிஸ்கட்டோ, தோட்டத்துத் தக்காளியோ ஏதாவது உள்ளே இருக்கும். இதையெல்லாம் முதல் வரைவில் ரோண்டா ஒழுங்காக எழுதினாள். தன் ஊரைப் பற்றி எழுதுகிறோம் என்ற பெருமைகூட அதில் கொஞ்சம் இருந்தது.

பெல் அந்த வரைவின் ஓரத்தில் ஒரு கேள்வியை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். எல்லாச் சாவு வீட்டுக்கும் இந்தப் பாத்திரம் போகுமா?

ரோண்டா அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் தெரிந்து கேட்டிருக்க முடியாது. அவர் இந்த ஊரே இல்லை.

வெஸ்லி கூரை வேயும் வேலை பார்த்தவன். ஒரு கூரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டபோது வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் மாத்திரையை நிறுத்திய பிறகும் அவனால் நிறுத்த முடியவில்லை. பிறகு மாத்திரை போய்ப் போதைப் பொடி வந்தது. இருபத்துநான்கு வயதில், குளியலறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு இறந்தான். செய்தித்தாளில், எதிர்பாராத விதமாகத் தன் இல்லத்தில் காலமானான் என்று போட்டார்கள். சின்ன வயதுக்காரன் ஒருவன் அப்படிக் காலமானால் என்ன பொருள் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சவ அடக்கத்துக்கு வந்தார்கள், கையைப் பிடித்தார்கள், போனார்கள். அந்த வாரம் முழுவதும் ரோண்டா வீட்டு வாசல் மணி அடிக்கவே இல்லை. சமையலறை மேடையை அவள் துடைத்து, காலியாக வைத்திருந்தாள். சாவு வீடு என்றால் மேடையில் இடம் போதாது என்பது அவளுக்கு அனுபவம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவளும் கணவன் கேலும் கடையில் பர்கர் வாங்கி வந்து, அந்தக் காலி மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்றார்கள்.

இரண்டாவது வரைவில் அவள் இதை எழுதினாள். வெஸ்லியின் பெயரையும் எழுதினாள்.

வரைவுகளை ஒருவருக்கொருவர் மாற்றிப் படிக்கும் நாள் வந்தது. அதற்கு ஒரு விதி உண்டு. முதலில் பிடித்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். குறை என்ற சொல்லே கூடாது. ரோண்டாவுக்கு ஜோடியாக வாய்த்தவள் பேஜ் லாம்பிரைட். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பெண். ரோண்டா வீட்டிலிருந்து ஒரு தெரு தள்ளி அவர்கள் வீடு. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சர்ச். எந்த வீட்டுக்கு யார் என்றைக்குச் சாப்பாடு கொண்டுபோவது என்று போன் பண்ணி ஏற்பாடு செய்பவளே பேஜின் அம்மா கானி லாம்பிரைட்தான். வேறு ஜோடி கேட்டிருக்கலாம். ரோண்டா கேட்கவில்லை. காகிதத்தை மேஜைமேல் அந்தப் பெண் பக்கமாகத் தள்ளினாள்.

பேஜ் படித்து முடித்தாள். பிறகு விதிப்படி ஆரம்பித்தாள்.

“அலுமினியத் தாளோட ஓரத்தை விரலால அமுக்கி அமுக்கி மூடுவாங்கன்னு எழுதியிருக்கீங்கள்ல, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, மிஸஸ் ட்ரெஸ்லர்.”

“இங்க ரோண்டான்னே கூப்பிடலாம்.”

“எனக்கு வர மாட்டேங்குது.”

“சரி. கேள்வி என்ன?”

“கேள்வி இல்ல.” பேஜ் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். “அம்மா செஞ்சாங்க. அன்னைக்கே செஞ்சாங்க. கோழி நூடுல்ஸ்தான். சாயங்காலம் வரைக்கும் மேடை மேலயே இருந்துச்சு. முதல்ல யாராவது போகட்டும், நாம பின்னால போவோம்னாங்க. உங்க வீட்டு முன்னாடி கார் ஏதாவது நிக்குதான்னு என்னைப் பாத்துட்டு வரச் சொன்னாங்க. சைக்கிள்ல போய்ப் பாத்தேன். ஒண்ணும் நிக்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் நாங்களே சாப்பிட்டுட்டோம்.”

பக்கத்து மேஜையில் யாரோ இறைச்சி சுடுவதற்கு நல்ல கரி எது என்று வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“நல்லா இருந்துச்சா?” என்று ரோண்டா கேட்டாள்.

குத்திக் கேட்கிறாளா, சும்மா கேட்கிறாளா என்று பேஜுக்குப் புரியவில்லை. “எங்கம்மா எப்பவும் உப்பு கம்மியாத்தான் போடுவாங்க” என்றாள்.

ஒரு வருடமாக ரோண்டா மனத்துக்குள் வைத்திருந்த கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது. ஊரே கூடிப் பேசித் தன் மகனை வெறுத்து ஒதுக்கியது என்று அவள் நினைத்திருந்தாள். அந்தப் பெண் சொன்னதில் வெறுப்பு எங்கேயும் இல்லை. வழக்கம் என்பது மனிதனை ஒவ்வொரு முறையும் யோசிக்கும் பாரத்திலிருந்து விடுவிக்கிறது, அதுதான் அதனால் உள்ள லாபம். மாரடைப்பு, புற்றுநோய், கார் விபத்து என்றால் கால் தானாக அந்த வாசலுக்குப் போய்விடும். வழக்கம் எட்டாத இடத்தில் ஒருவன் தானாகவே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் அங்கே முடிவெடுப்பதில்லை. வேறொருவருக்காகக் காத்திருக்கிறார்கள், ஆறிப் போகும் முன் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஊர் தன்னை வெறுத்தது என்று நினைப்பதே ரோண்டாவுக்கு இதைவிட ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது வரைவை, ஊரில் ஒரு வீட்டில் அந்தச் சாப்பாடு தயாராக இருந்தது, எங்கள் வீட்டு முன்னால் கார் எதுவும் நிற்காததால் அவர்களே சாப்பிட்டுவிட்டார்கள் என்று முடித்தாள். அதற்குமேல் எழுத அவளுக்கு ஒன்றும் இல்லை.

பெல்லுக்கு அலுவலக அறை கிடையாது. நூலகத்து நடைபாதையில் ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். ரோண்டாவை அங்கே வரச் சொன்னார். இந்தப் பருவத்தில் தான் படித்ததிலேயே இதுதான் உண்மையான எழுத்து என்று முதலில் சொன்னார். ரோண்டா இதற்குள் விதியைப் புரிந்துகொண்டிருந்தாள், அடுத்தது வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது. கடைசிக் கட்டுரையைத் தான் மட்டும் திருத்துவதில்லை என்றார். பாரபட்சம் வரக் கூடாதென்று வேறு இரண்டு ஆசிரியர்களும் படிப்பார்கள். முடிவுரைக்கு என்று தனியாக மதிப்பெண் உண்டு. எழுதியவர் என்ன கற்றுக்கொண்டார், இனி என்ன என்பதை முடிவுரை காட்ட வேண்டும்.

“இது கதவை அடைச்சுட்டுப் போற மாதிரி முடியுது” என்றார். “படிக்கறவங்க கையில ஏதாவது கொஞ்சம் குடுத்து அனுப்பணும், ரோண்டா. ஒரு நம்பிக்கை மாதிரி.”

“எனக்கு யாரும் ஒண்ணும் குடுத்து அனுப்பலையே.”

“தெரியுது. நான் கட்டுரையைப் பத்திச் சொல்றேன்.”

“இப்படியே குடுத்தா?”

அவர் பொய் சொல்லவில்லை. “பி கிடைக்கறது கஷ்டம்” என்றார். அதைச் சொல்லிவிட்டுத் தன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். விதிகளைத் தான் போடவில்லை என்பதில் கொஞ்சம் ஆறுதல் தேடிக்கொள்கிற நல்ல மனிதர்.

அந்த வாரக் கடைசியில், சனிக்கிழமை மதியம், ரோண்டா வீட்டு வாசல் மணி அடித்தது. கானி லாம்பிரைட் நின்றிருந்தாள். கையில் கண்ணாடிப் பாத்திரம், அலுமினியத் தாளின் ஓரமெல்லாம் அழுத்தி மூடப்பட்டிருந்தது. பேஜ் வீட்டில் சொல்லியிருக்கிறாள் என்பது கானியின் கழுத்துச் சிவப்பிலேயே தெரிந்தது.

“எப்படி இருக்கீங்க ரோண்டா?”

“நல்லா இருக்கேன். நீங்க?”

“நல்லா இருக்கேன். ரொம்ப நாளா வரணும் வரணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்.”

“என்ன விசேஷம்?”

“விசேஷம் ஒண்ணுமில்ல” என்றாள் கானி. “நீங்க காலேஜுக்குப் போறீங்கன்னு பேஜ் சொன்னா. வேலைக்கும் போயிட்டு, படிக்கவும் செஞ்சா, சமைக்க உங்களுக்கு எங்க நேரம் இருக்கும்னு தோணுச்சு. அதான்.”

ரோண்டா வலைக்கதவைத் திறந்து பிடித்தபடி காத்திருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். கானியின் வாயிலிருந்து வெஸ்லி என்று ஒருமுறை வந்துவிட்டால் மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

“அதுக்கு மட்டும்தானா?” என்றாள்.

கானியின் பார்வை நழுவி முற்றத்துக்குப் போனது. “கேல் புல்லை எவ்வளவு அழகா வெட்டி வச்சிருக்காரு” என்றாள்.

கேல் அந்த ஒரு வருடமாகத் தேவைக்குமேல் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அதைக் கானிக்குச் சொல்லி என்ன ஆகப் போகிறது. ரோண்டாவின் கைகள் நீண்டு பாத்திரத்தை வாங்கிக்கொண்டன. நீங்க இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம் என்று வாய் தானாகச் சொன்னது. என்ன வேணும்னாலும் கூப்பிடுங்க என்று கானியின் வாயும் தானாகச் சொன்னது.

கேல் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான். சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று பாத்திரத்தின் அடியைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

“உப்புதான் கொஞ்சம் கம்மி” என்றான்.

ரோண்டா சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிச் சத்தமாகச் சிரிப்பு கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கேல் கூடவே சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் தட்டில் போட்டது அப்படியே இருந்தது.

மறுநாள் அவள் முடிவுரையை எழுதினாள். நேரம் எடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து எங்கள் வாசல் மணி அடித்தது, ஒரு அயல்வீட்டுக்காரி கையில் பாத்திரத்தோடு நின்றிருந்தாள், வழக்கம் தாமதமாகலாம், ஆனால் வழி கண்டுபிடித்துவிடும் என்று எழுதினாள். துக்கத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்றும் எழுதினாள். அந்த வாசலில் என்ன பேசப்பட்டது என்பதை எழுதவில்லை. நடந்ததை எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, முழுவதும் சேர்ந்து பொய்யாக இருந்தது. இப்படி எழுதுவது இத்தனை சுலபம் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரோ ஏற்கெனவே எழுதி வைத்ததை எடுத்து வைப்பதுபோல வந்தது.

கடைசி வகுப்பில் எல்லோரும் தங்கள் கட்டுரையிலிருந்து ஒரு பகுதியை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். ரோண்டா முடிவுரையைத்தான் வாசித்தாள். வெஸ்லி என்ற பெயர் அதில் ஒருமுறை வந்தது. அந்த இடத்தில் அவள் குரல் உடையவில்லை. பேஜ் அழுதுகொண்டே வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஏதோ ஒன்று சரியாகிவிட்டது என்று அந்தப் பெண் உண்மையாகவே நம்பினாள். அவளை விலக்க ரோண்டாவுக்கு மனம் வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

“எங்களோட பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி, ரோண்டா” என்றார் பெல். அடுத்த பெயரைக் கூப்பிட்டார். கார் நிறுத்துமிடத்தில் இறைச்சி சுடுவதைப் பற்றி எழுதிய பையன் எழுந்து வந்தான். முதல் வரியிலேயே சிரிக்க வைத்தான்.

ரோண்டாவுக்கு ஏ கிரேடு கிடைத்தது. முடிவுரையின் பக்கத்தில், அழகு என்று முன்பின் தெரியாத ஒரு கையெழுத்தில் எழுதியிருந்தது. நர்ஸிங் படிப்பில் இடம் உறுதி என்று செய்தி வந்த அன்று கேல் அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

லாம்பிரைட் வீட்டுப் பாத்திரம் அதுவரை ஃபிரிட்ஜின் தலைமேல் இருந்தது. கேல் வழித்துத் தின்ற பிறகு ரோண்டா அதைக் கழுவித் துடைத்து அங்கே வைத்திருந்தாள். அன்று அதை இறக்கினாள். பழக்கத்தில் கை மாவு டப்பாவை நோக்கிப் போனது. பிஸ்கட் சுட எல்லாமே வீட்டில் இருந்தன. டப்பாவின் மூடியைத் திறந்தவள் திரும்ப மூடினாள். அலமாரியிலிருந்து அலுமினியத் தாளை எடுத்துக் கிழித்து, வெறும் பாத்திரத்தின்மேல் போட்டு, ஓரமெல்லாம் விரலால் அமுக்கி அமுக்கி மூடினாள். ஒரு தெரு தூரம் நடந்தே போனாள்.

கதவைத் திறந்த கானியின் முகம் மலர்ந்தது. கட்டுரையைப் பற்றிப் பேஜ் எல்லாம் சொன்னாள், ஏ கிரேடாமே, எங்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பேசிக்கொண்டே பாத்திரத்தை வாங்கியவள் நிறுத்தினாள். எடை இல்லாததைக் கைகள் முதலில் தெரிந்துகொண்டன. தாளின் ஒரு மூலையைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

அந்த ஊரில் யாரும் பாத்திரத்தை அப்படித் திருப்பிக் கொடுப்பதில்லை. இருவருக்கும் அது தெரியும். அதைப் பற்றிக் கேட்பதற்கு அந்த ஊரில் வார்த்தையும் கிடையாது.

“வெஸ்லிக்குக் கோழி நூடுல்ஸ்னா ரொம்பப் பிடிக்கும்” என்றாள் ரோண்டா. “மேல இருக்கற சிப்ஸை மட்டும் தனியாப் பேத்துத் தின்னுட்டு, கீழ இருக்கறதை அப்படியே விட்டுருவான். வெஸ்லிகிட்ட எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டான்.”

கானி தலையசைத்தாள். மூலையை மறுபடி மூடி, விரலால் அழுத்தினாள்.

“ஒரு நாள் நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குச் சாப்பிட வரணும்” என்றாள்.

“வரோம், ஒரு நாள்.”

ரோண்டா படியிறங்கித் தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தாள். கானி இன்னும் வாசலிலேயே நின்றாள். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய டேப்பில் இருப்பது தன் பெயர்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.